ஈப்போவில் விட்ட எட்டாவது அடி

மலேசியாவில் ஈப்போ போகும் வழியில், சிலிம் ரிவர் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. ஓரம் கட்டி மரியாதையாகவும் நிற்கவில்லை. ஒரு தும்மல் தும்மி, கரும்புகை விட்டு, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மலாய்க்கார ஓட்டுநர் இறங்கிப் போய் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள், ஒருவராவது அவர் சட்டையைப் பிடித்திருப்பார். இங்கே எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கிப்போய் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். கோபப்படுவதற்குத் துணை இல்லாமல் நானும் போய் உட்கார்ந்தேன்.

நான் மெட்ராஸில் ஸ்டூடியோக்களில் டிரம்ஸ் வாசிக்கிறவன். எண்பதுகளின் தொடக்கம் அது. டிஸ்கோ வந்து சினிமாப் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. காதல் பாட்டானாலும் தாலாட்டானாலும் காலடியில் 'தும் தும்' என்று இடைவிடாமல் மிதிக்கச் சொல்வார்கள். கோலாலம்பூரில் ஒரு கச்சேரிக்கு வந்த குழுவில் நானும் இருந்தேன். அது முடிந்ததும், ஈப்போவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்காக நடக்கும் மெல்லிசை நிகழ்ச்சிக்கு டிரம்ஸ்காரர் இல்லை என்று கேட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் என்னை இரவல் கொடுத்துவிட்டார். குடையை இரவல் கொடுக்கும்போதுகூட எப்போது திரும்ப வரும் என்று கேட்பார்கள். என் விஷயத்தில் அவர் அதையும் கேட்கவில்லை.

பஸ்ஸில் இருந்த தமிழ்ப் பையன்கள் சிலர் ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ கேட்டு, தங்கள் கேசட்டைப் போட்டார்கள். நாட்டுப்புற மெட்டு, பெண் குரல். அடியில் டிஸ்கோ டிரம்ஸ், அதற்கும் அடியில் உறுமி. வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கிற அந்த முனகல் சத்தம் நம் ஊரில் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் கேட்பது. அதை டிஸ்கோவோடு சேர்த்து அதுவரை நான் கேட்டதில்லை. எட்டு அடிக்கு ஒரு சுற்று. ஏழு அடி வந்தது, எட்டாவது வரவில்லை. அந்த இடம் வெறுமனே கிடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான்.

சாலை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எட்டாவது அடியில் ஒற்றைக் காலைத் தூக்கி அப்படியே நின்றார்கள். அடுத்த அடியில் கால் இறங்கியது. எல்லாக் கால்களும் ஒன்றாக. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொழில்காரன் புத்தி சும்மா இருக்காது.

"தம்பி, டேப் தேஞ்சிருக்கு. ஒரு அடி விட்டுப்போகுது" என்றேன்.

பெரிய காலர் சட்டை போட்ட பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தேயல அண்ணே. அது அப்படித்தான் லா. நீங்க எந்த ஊரு?"

அந்த ஊர்த் தமிழில் வாக்கியத்துக்கு வால் மாதிரி ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். மெட்ராஸ் என்றேன். அவன் மற்றவர்களிடம் திரும்பி, "அண்ணே மெட்ராஸு. அங்க இன்னும் வரல போல" என்றான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பரிதாபப்பட்டான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஈப்போ போய்ச் சேரும்போது சாயங்காலம். ஊரைச் சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள் திடீர் திடீரென்று எழுந்து நின்றன. இசைக்குழுவை நடத்துகிற ரத்தினம் வந்து அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் பெரிய எழுத்தர் வேலை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அக்கார்டியன் வாசிப்பார். "வாங்கோ, வாங்கோ. களைச்சுப் போனியள். முதல்ல சாப்பிடுவம்" என்று ஒரு சீனர் கடைக்குக் கூட்டிப் போனார். அவித்த கோழி, பக்கத்தில் குட்டையாகப் பருத்த முளைப்பயறு, மேலே கொஞ்சம் சோயாச் சாறு. மசாலா இல்லை, எண்ணெயில் வதக்கவில்லை. மருத்துவமனைச் சாப்பாடு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தவன் இரண்டாவது தட்டு கேட்டேன். இந்த ஊர்த் தண்ணீரில்தான் முளைப்பயறு இப்படி வரும் என்றார் ரத்தினம், தானே விளைவித்ததைப் போல.

பஸ்ஸில் கேட்ட பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உந்தப் பாட்டுத்தான் எங்கட கடைசி உருப்படி. இப்பிடியான பாட்டுக்கு நான் சம்மதிக்கிற ஆளில்லைத் தம்பி. போன முறை முழுக்க நல்ல சினிமாப் பாட்டுப் போட்டம். பாதியில பெடியள் எல்லாம் எழும்பிப் போயிட்டாங்கள். ஆளில்லாத வெறும் கதிரைகளுக்குத்தான் பாடினம். அதுதான் இந்த முறை அந்தப் பிள்ளை புஷ்பாவைக் கூப்பிட்டனான். கேசட்டில பாடினது அவதான்."

"நல்ல குரல்" என்றேன்.

"குரல் நல்லது. ஆனா அந்தப் பிள்ளைக்கு ரப்பர் தோட்டத்துக் கோயில்ல சாமி வாறதாம். நான் தெளிவாச் சொல்லிப்போட்டன். மேடையில அப்பிடி ஒண்டு நடந்தால் அதோட சரி. பிறகு என்ர குழுவில பாடேலாது. இது கோயில் இல்லை, பாருங்கோ."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் நம் ஊர்ப் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாயும் கெட்டிப் பால் ஊற்றிய காப்பியும். அந்தக் காப்பியில் காப்பியைவிட இனிப்புதான் அதிகம். ஆனாலும் அதைக் குடித்துவிட்டு நம் ஊர் ஃபில்டர் காப்பியைப் பெருமையாகப் பேச வாய் வரவில்லை. பிறகு பள்ளி மண்டபத்தில் ஒத்திகை.

புஷ்பா மின்சாதனத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தாள். முப்பதை நெருங்குகிற வயது. இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கூட அவளுடைய அண்ணன் முனியாண்டி, தோளில் உறுமி. "பசியாறிட்டீங்களா சார்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்த ஊரில் வணக்கத்துக்குப் பதில் அதுதான்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் இரண்டு சுற்று ஒழுங்காகத்தான் வாசித்தேன். மூன்றாவதில் அந்த வெற்றிடம் வந்தபோது கை தானாகப் போய்ப் பக்கத்து டிரம்மில் ஓர் அடி போட்டது. மெட்ராஸில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே காலி இடத்தை விடாதே என்பதுதான். அடுத்த சுற்றிலும் அடித்தேன். எட்டும் சேர்ந்ததும் தாளம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டு நின்றுவிட்டது. புஷ்பா மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் குதிகால் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முனியாண்டி உறுமியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் கால் நின்றது. நல்ல வேளையாக ரத்தினம் அப்போது வெளியே நாற்காலி விஷயமாக யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த அடி வேணாம் சார்" என்றார் முனியாண்டி. "அது கூப்புடுற அடி. கோயில்ல அத அடிச்சாத்தான் சாமி வரும். இவளுக்காகத்தான் அத எடுத்தேன். பெக்டரி டின்னர்ல பாடக் கேட்டாங்க. எட்டையும் அடிச்சா இவ அங்கயே ஆடிருவா. சரி, ஒண்ண விட்டுருவோம்னு விட்டேன். யாரோ அத டேப்ல புடிச்சிட்டாங்க. பையனுங்க அந்த எடத்துல கால தூக்க ஆரம்பிச்சிட்டானுங்க. இப்ப பாகான் டத்தோ வரைக்கும் அப்படித்தான் ஆடுறானுங்க. ஏன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் புஷ்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சிரித்தாள். மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் குடுத்து வெச்சவன்னு சொல்றாங்க சார். கால்ல வுழுவுறாங்க. முழிச்சுப் பாத்தா வாயெல்லாம் வறண்டு கெடக்கும். என்ன சொன்னேன்னு அடுத்தவங்கதான் சொல்லணும். என் வாயிலேருந்து வந்தது எனக்கே தெரியலன்னா எப்படி? பாடுனா அப்படி இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். எனக்குப் பாடணும் சார். அவ்ளோதான்."

அன்று மத்தியானம் முனியாண்டி என்னை ஒரு நடன விருந்துக்கு அழைத்துப் போனார். கேளிக்கை விடுதிகளில் ராத்திரி பெரியவர்கள் ஆடுவார்கள், கட்டணமும் அதிகம். அதனால் இளவட்டங்களுக்குச் சனிக்கிழமை பகலில் கதவைத் திறந்துவிடுவார்களாம். நாங்கள் போனது அதைவிட எளிமையான இடம். சீனர் கடை ஒன்றின் மாடி, ஜன்னல்களில் கறுப்புத் துணி, ஒரு சுழலும் விளக்கு, ஆரஞ்சு கிரஷ். வெளியே உச்சி வெயில் கொளுத்த, உள்ளே அரை இருட்டு. தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை பார்க்கிற பையன்களும் பெண்களும். ஆங்கில டிஸ்கோ ஒன்று, சீனப் பாட்டு ஒன்று, பிறகு இவர்கள் பாட்டு. சினிமாப் பாட்டுகளைக்கூட அந்த உறுமித் தாளத்துக்கு மாற்றிப் பதிந்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்கு நானே மெட்ராஸில் வாசித்திருந்தேன். என்னுடைய டிரம்ஸை எடுத்துவிட்டு வேறு போட்டிருந்தார்கள்! ரோஷம் வந்தது. ஆனால் கேட்கக் கேட்க, அவர்கள் போட்டதுதான் பொருந்தியது.

ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். எங்கள் ஊரில் புதுத் தாளம் மேலேயிருந்து இறங்கும். வெளிநாடு போய் வந்த தயாரிப்பாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, "இந்த மாதிரி வேணும்" என்பார். நாங்கள் அதே மாதிரி போடுவோம், ஊர் கேட்கும். இங்கே தங்கைக்காகப் பயந்து ஓர் அண்ணன் ஓர் அடியை விட்டார், கால்கள் அதைப் பிடித்துக்கொண்டன. இப்போது சினிமாப் பாட்டு அந்தக் கால்களுக்குப் பின்னால் ஓடி வருகிறது. இஸ்திரிச் சட்டை ரத்தினமும் ஓடி வருகிறார். டிஸ்கோ அமெரிக்காவில் எந்த மாடியில், யாருக்காக ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் இப்படி ஏதாவது ஒரு வீட்டு விஷயம் இருந்திருக்கும். மெட்ராஸ் திரும்பியபின் ஒரு பதிவில் நான் எட்டாவது அடியை விட்டு வாசித்தேன். இசையமைப்பாளர் முதலில் முறைத்தார், பிறகு அதையே வைத்துக்கொண்டார். எங்கே பிடித்தாய் என்று கேட்டார். ஈப்போ என்றேன், அவர் நம்பவில்லை.

அந்த நடன விருந்துக்கு மறுநாள், ஞாயிறு காலை, முனியாண்டியின் மோட்டார் சைக்கிளில் லகாட் என்ற ஊரைத் தாண்டி அவர்களுடைய பழைய தோட்டத்துக்குப் போனோம். உறுமிக்கு வேறு தோல் மாட்ட வேண்டியிருந்தது. வழியில் சங்கிலி இரண்டு முறை கழன்றது. இருமருங்கிலும் ஈயம் தோண்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நின்றது. தோட்டத்தில் பாதி ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. கோயில் மட்டும் புது வண்ணத்தோடு பளிச்சென்றிருந்தது. டவுனுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் அடித்ததாம்.

கோயில் பூசாரி உழைத்துக் காய்த்த கையோடு வந்து முனியாண்டியைக் கேட்டார். "தங்கச்சி வரலையா? ரெண்டு திருவிழாவா சாமி எறங்கல. சனங்க கேக்குது. யாருகிட்ட குறி கேக்கிறது? அவளக் கூட்டிட்டு வா லா."

"அவளுக்கு வேல" என்றார் முனியாண்டி.

"இன்னிக்கு டவுன்ல பாடுறாளாமே. நாங்க எல்லாரும் லாரி புடிச்சு வாரோம்."

திரும்பும் வழியில் முனியாண்டி மறுபடி கழன்ற சங்கிலியை மாட்டினார். நான் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் ரத்தினத்தின் நிபந்தனை. இன்னொரு பக்கம் அவளைச் சாமியாகத் திரும்ப அழைத்துப்போகக் காத்திருக்கும் லாரி. நடுவில் அவள் விரும்பிய ஒரு பாட்டு.

நிகழ்ச்சி மூன்று மணிக்கு. மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பட்டுப் புடவைகள். நடுவில் இளைஞர்கள். பின்னால் லாரியில் வந்த தோட்டத்து ஜனம், குழந்தைகளோடும் வெற்றிலைப் பைகளோடும். சினிமாப் பாட்டுகளுக்கு முன்வரிசை மட்டும் அளவாகக் கைதட்டியது. கடைசியில் புஷ்பா வந்தாள். நீலச் சேலை, தலையில் ஒரு முழம் மல்லிகை. நடுக் கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது.

முதல் சுற்று. ஏழு அடி, காலி இடம், நூறு கால்கள் மேலே. நான் எட்டாவதில் கையைத் தொடையோடு அழுத்தி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் அந்தக் காலி இடத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். நான் அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பின்வரிசையில் தோட்டத்துப் பெரியவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட தாளம், எட்டாவது எங்கே விழ வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். மெட்ராஸ்காரன் பாவம், அடியைக் கோட்டை விடுகிறான் என்று எனக்கு உதவி செய்கிறார்கள்! அடுத்த சுற்றில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். முனியாண்டியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் உறுமியை நிறுத்தினாலும் பயனில்லை, தாளம் இப்போது அவர்கள் கையில் இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் கூந்தல் அவிழ எழுந்து ஆடினாள். இன்னொருத்தியும். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மேடை ஓரத்தில் ரத்தினம் திரைக் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். எல்லோரும் புஷ்பாவைத்தான் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி நின்றாள். நான் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே பிரார்த்தனை, அந்தக் கால் அசையக் கூடாது என்பதுதான்.

கால் அசையவில்லை. சரணம் வர வேண்டிய இடத்தில் கண்ணைத் திறந்து, ஒரு வார்த்தை பிசகாமல் எடுத்தாள். கடைசி வரை பாடினாள். இளைஞர்கள் திரும்பக் கேட்டார்கள், திரும்பவும் பாடினாள். பெரியவர்கள் அடி போட, சிறியவர்கள் அதே அடியில் காலைத் தூக்க, முன்வரிசையில் ஒரு பட்டுப் புடவை தோளை ஆட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ரத்தினம் கயிற்றை விட்டுவிட்டார். முடிந்ததும் வந்து, "நல்லாப் பாடினீர் பிள்ளை. அடுத்த முறை உந்தப் பாட்டை முதல்லயே போடுவம்" என்றார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனார்.

லாரி கிளம்பத் தயாரானது. பூசாரி புஷ்பாவைத் திருவிழாவுக்குக் கூப்பிடவில்லை. கும்பிட வந்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டு, "நல்லாருந்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். நான் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, முழுசா அடி" என்றாள் புஷ்பா.

"பைத்தியமா ஒனக்கு? அதான் நல்லபடியா முடிஞ்சிருச்சே."

"அவ்ளோ பேரு தட்டுனாங்க. எனக்கு வரல. கூட்டத்தப் பாத்துப் பயந்து வரலையா, இல்ல போயே போச்சா? தெரியணும்ணே." அவர் அசையாததைப் பார்த்து என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க அடிங்க."

நான் குச்சியை எடுப்பதா வேண்டாமா என்று நிற்கையில் முனியாண்டி உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நேத்து அவரு தெரியாம அடிச்சாரு. தெரிஞ்சு கூப்புடுறதுன்னா நான்தான் கூப்புடணும். நானே அடிக்கிறேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடு மண்டபத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். முனியாண்டி அடித்தார். கூப்பிடுகிற அடியையும் சேர்த்து, எட்டையும் அடித்தார். தங்கைக்காக எடுத்துவிட்ட அடியைத் தங்கைக்காகவே திரும்ப அடிப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நிறையச் சுற்று போனது. அவள் நின்றபடியே நின்றாள். காற்றில் சேலைத் தலைப்பு அசைந்தது, வேறு ஒன்றும் அசையவில்லை. கன்னத்தில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"போச்சுண்ணே" என்றாள்.

அவர் நிறுத்தினார். சந்தோஷப்பட வேண்டுமா ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. புஷ்பாவே முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"நிறுத்தாத. இப்ப பாட்டுக்கு அடி. எட்டும் சேத்து அடி."

முனியாண்டி மறுபடி ஆரம்பித்தார். அவள் பாடினாள். எட்டாவது அடி ஒவ்வொரு முறையும் முழுசாக விழுந்தது, அவள் அதன்மேல் குரலை வைத்து ஏறிப் போனாள். அந்தப் பாட்டை அவள் உறுமியின் முழுத் தாளத்தோடு பாடியது அன்றுதான் முதல் தடவை. கேட்பதற்கு அவள் அண்ணனும் நானும் மட்டும்தான் இருந்தோம்.